உருவத்தை ஒதுக்கிவிட்டுப் பாறையைப் பாருங்கள்: புதைபடிவம் சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: புதைபடிவங்கள் சேகரிப்பதில் புதிதாக இறங்கியிருக்கிறீர்கள். முட்டை வடிவில் ஓர் உருண்டைக் கல், பெரணி இலை பதிந்தது போன்ற ஒரு பலகைக் கல், எலும்பா மரமா என்று புரியாத ஒரு துண்டு, சிப்பி போன்ற சில சிறு கற்கள் கையில் இருக்கின்றன. இவற்றில் எது உண்மையான புதைபடிவம், அது எந்த உயிரினம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான்கு பொருட்களின் தோற்றத்தையும் நன்றாகவே விவரித்திருக்கிறீர்கள். ஆனால் எந்த இடத்தில், எந்தப் பாறையிலிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அடையாளம் காணும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. தொல்லுயிரியல் தெரிந்த யாரிடம் ஒரு துண்டை நீட்டினாலும், அதைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே “எங்கே கிடைத்தது?” என்று கேட்பார். உருவத்தை மட்டும் வைத்துத் தேடினால் கூழாங்கல்லில் கால்தடமும் களிமண் கட்டியில் மண்டையோடும் தெரியும். நம் கண்கள் பழகிய வடிவத்தை எதிலும் தேடிக் கண்டுபிடித்துவிடும். ஆகவே உருவத்தைச் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பாறையிலிருந்து தொடங்குங்கள்.

புதைபடிவங்கள் ஏறத்தாழ எல்லாமே படிவுப் பாறைகளில்தான் கிடைக்கின்றன. சேறு இறுகிய களிப்பாறை, மணல் இறுகிய மணற்பாறை, சுண்ணாம்புக்கல் ஆகியவை முக்கியமானவை. உருகிய குழம்பு குளிர்ந்து உருவான கிரானைட்டில் உயிரினத்தின் எச்சம் இருக்க வாய்ப்பே இல்லை. எரிமலைச் சாம்பல் படிந்த அடுக்குகளில் இருக்கலாம். எரிமலைக்குழம்பு மரங்களைச் சூழ்ந்து இறுகிய அச்சுகளும் அபூர்வமாக உண்டு. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறைகளில் எச்சங்கள் பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். கையில் இருக்கும் கல்லில் வெவ்வேறு நிறப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், அதன் மேல் என்ன உருவம் தெரிந்தாலும் அது உயிரினமல்ல என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

பாறை வகை தெரிந்ததும் அந்தப் பகுதிக்கான நிலவியல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பல நாடுகளின் நிலவியல் ஆய்வு நிறுவனங்கள் இவற்றை வெளியிட்டிருக்கின்றன. ஓர் இடத்தின் பாறை எந்தக் காலத்தது, கடலில் படிந்ததா ஆற்றில் படிந்ததா என்று வரைபடமும் அதற்கான விளக்கக் குறிப்பும் சொல்லிவிடும். அதிலேயே பாதிச் சந்தேகங்கள் தீரும். பாறை 30 கோடி ஆண்டுப் பழமையானது என்றால் அதில் டைனோசர் இருக்காது. அவை ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் தலையெடுத்தன. 5 கோடி ஆண்டுப் பழமையான பாறையில் டிரைலோபைட்டை (கணுக்களாகப் பிரிந்த ஓடுடைய பழங்காலக் கடல் உயிரினம்) தேடிப் பயனில்லை. அவற்றில் எஞ்சியிருந்தவை 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த பேரழிவில் மறைந்துவிட்டன. இப்படி நீக்கிக்கொண்டே போவதுதான் இந்தக் கலையின் பெரும்பகுதி.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பாறையடுக்கில் இருந்தபடியே எடுத்த கல்லும், கீழே உதிர்ந்து கிடந்த கல்லும் ஒரே மதிப்புடைய சான்றுகள் அல்ல. ஆற்றுப் படுகையில் கிடந்த கூழாங்கல் நெடுந்தொலைவு உருண்டு வந்திருக்கலாம். பாதைக்குக் கொட்டிய சரளைக்கல் எந்தக் குவாரியிலிருந்தும் வந்திருக்கலாம். உதிரிக் கல் கிடைத்தால் உடனே பெயர் வைக்காமல், அதே போன்ற கல் மேட்டில் எந்த அடுக்கிலிருந்து கழன்று விழுகிறது என்று மேல்நோக்கித் தேடிப் போங்கள். அந்த அடுக்கைக் கண்டுபிடித்த நாளில் நீங்கள் கற்றுக்கொள்வது, நூறு உதிரிக் கற்களைப் பொறுக்கிக் கற்பதைவிட அதிகம்.

இனி உங்கள் முட்டைக்கு வருகிறேன். புதிதாகச் சேகரிப்பவர்கள் டைனோசர் முட்டை என்று கொண்டுவருபவற்றில் மிகப் பெரும்பாலானவை திரள்கற்கள். படிவுக்குள் ஊறிச் செல்லும் நீரிலுள்ள கனிமங்கள் ஏதோ ஒரு மையத்தைச் சுற்றிப் படிந்து படிந்து உருண்டையாகத் திரள்கின்றன, அவ்வளவுதான். உண்மையான முட்டையில் நீங்கள் தேட வேண்டியது உருண்டை வடிவம் அல்ல, முட்டையின் ஓடு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவிலிருந்து சில மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள தனி அடுக்காக அது தெரியும். உள்ளே நிரம்பிய பாறையிலிருந்து நிறத்திலும் தன்மையிலும் வேறுபடும். கைலென்ஸில் பார்த்தால் சிறு மேடுகளோ வரிகளோ, மூச்சுத் துளைகளோ தெரியும். மண்ணின் எடையில் நசுங்கி விரிசல் விட்டிருப்பதும் இயல்பு. எங்கும் ஒரே பொருளாக, குறையில்லாத உருண்டையாக இருக்கும் கல் முட்டையாக இருப்பது மிக அரிது. உடைந்த முகத்தில் வெங்காயம் போல் பல அடுக்குகள் தெரிந்தால் திரள்கல் என்றே முடிவு செய்யலாம். உள்ளே விரிசல் விட்டு அவற்றில் படிகங்கள் நிரம்பிய ஒரு வகை உண்டு. அதை ஆமை ஓடு என்று நினைத்துப் போற்றிப் பாதுகாப்பவர்களும் இருக்கிறார்கள்.

அதற்காகத் திரள்கல்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது எதைச் சுற்றித் திரண்டது என்பதே சில சமயம் புதையல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மேசன் கிரீக் பகுதியின் இரும்புச்சத்துள்ள திரள்கற்களுக்குள் ஏறத்தாழ 31 கோடி ஆண்டுப் பழமையான பெரணி இலைகளும், எலும்போ ஓடோ இல்லாத மென்மையான உயிரினங்களும்கூடப் பதிந்திருக்கின்றன. அங்குள்ள சேகரிப்பாளர்கள் சுத்தியலால் அடிப்பதில்லை. கற்களை நீரில் ஊறவைத்து உறையச் செய்து, பிறகு உருகவிட்டு, இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கல் தன் பலவீனமான தளத்தில் தானாகப் பிளக்கிறது. அந்தத் தளம் பெரும்பாலும் புதைபடிவம் இருக்கும் தளமாகவே அமைகிறது. பொறுமைக்குக் கிடைக்கும் பலனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேலை எனக்குத் தெரியவில்லை.

பெரணி இலை பதிந்த பலகைக் கல்லில் எனக்குச் சந்தேகம் அதிகம். மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள் பாறையின் நுண்ணிய விரிசல்களில் ஊடுருவிக் கிளைகிளையாகப் படிவதுண்டு. கருப்பு மையால் வரைந்த செடி போலவே இருக்கும். வேறுபடுத்துவது கடினமல்ல. உண்மையான பெரணிக்கு நடுநரம்பு உண்டு. அதன் இருபுறமும் சிற்றிலைகள் ஒழுங்காக அமைந்து நுனியை நோக்கிப் படிப்படியாகச் சிறுக்கும். ஒவ்வொரு சிற்றிலையிலும் கைலென்ஸில் நரம்புகள் தெரியும். கனிமக் கிளைகளுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. பெரும்பாலும் கல்லின் ஓரத்திலிருந்தோ ஒரு விரிசலிலிருந்தோ புறப்பட்டு, கிளைத்துக்கொண்டே போய் ஓய்ந்துவிடும். மேலும் இலை, படிவு அடுக்கின் தளத்தில் படுத்திருக்கும். கனிமக் கிளையோ அடுக்கைக் குறுக்கே வெட்டும் விரிசலிலும் இருக்கும். எந்தத் தளத்தில் இருக்கிறது என்று பாருங்கள்; பெரும்பாலும் அதிலேயே விடை கிடைத்துவிடும்.

எலும்பா மரமா என்ற கேள்விக்கு உடைந்த முகம்தான் பதில் சொல்லும். வெளிப்புறத் தோற்றத்தை நம்பவே நம்பாதீர்கள். சுண்ணப்பாறையில் உருவாகும் சிக்கிமுக்கிக் கற்கள் தொடை எலும்பு போலவும் மூட்டு போலவும் அச்சாக வரும். எலும்பின் குறுக்குவெட்டில் வெளியே அடர்த்தியான ஓர் அடுக்கும் உள்ளே பஞ்சு போன்ற நுண்ணறைகளும் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் அடர்ந்த பகுதியிலும் இரத்தக் குழாய்கள் சென்ற நுண்துளைகளைக் காணலாம். மரத்தில் இழைகள் நீளவாக்கில் ஓடும். குறுக்குவெட்டில் வளர்ச்சி வளையங்களோ, மையத்திலிருந்து வெளியே செல்லும் மெல்லிய கதிர்க்கோடுகளோ தெரியும். கல்லாகிய மரம் பெரும்பாலும் சிலிக்காவால் ஆனது. எஃகுக் கத்தியால் கீற முடியாது.

நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்வது எலும்பு என்று ஒரு சோதனை சொல்வார்கள். நுண்துளைகள் ஈரத்தை இழுப்பதால் ஒட்டுகிறது. ஆனால் களிக்கல்லும் அப்படியே ஒட்டும். துளைகளில் கனிமம் முழுவதும் நிரம்பிவிட்டால் எலும்பு ஒட்டாது. சுகாதாரத்தையும் நினைத்து அதை விட்டுவிடுங்கள். காய்ச்சிய ஊசியால் குத்தி, முடி கருகும் வாசனை வருகிறதா என்று பார்ப்பது அண்மைக் கால எலும்பைக் காட்டிக்கொடுக்கும் என்றாலும், அந்தத் துண்டைக் காயப்படுத்திவிடும். வேறு வழியே இல்லையென்றால் ஒழிய வேண்டாம். நிறத்தை வைத்தும் வயதைச் சொல்ல முடியாது. கருப்பாக இருக்கும் சுறாப் பல் பழையது, வெளுத்திருப்பது புதியது என்று பலர் நம்புகிறார்கள். அது எந்த மண்ணில் கிடந்தது, அந்த மண்ணில் என்ன கனிமம் இருந்தது என்பதைத்தான் நிறம் காட்டுகிறது.

சுறாப் பல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. முக்கோண வடிவிலான இந்தக் கற்களை ஐரோப்பாவில் நெடுங்காலம் பாம்பின் கல்லாகிய நாக்கு என்று நம்பினார்கள். 1666-இல் இத்தாலியக் கடற்கரையில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலை உடற்கூறியல் அறிஞர் நிக்கோலஸ் ஸ்டெனோவிடம் வந்தது. அதை அறுத்து ஆராய்ந்த அவர், அதன் பற்களும் ‘நாக்குக் கற்களும்’ ஒன்றே என்று மறு ஆண்டே எழுதினார். அவர் செய்தது, உயிருள்ள விலங்கின் உறுப்போடு கல்லைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான். நீங்களும் அதையே செய்யலாம். கடற்கரையில் கிடக்கும் இன்றைய சிப்பி, சங்கு, பவளம், நண்டு ஓடு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். பாறையில் உள்ளதைப் படிக்க அவையே சிறந்த அகராதி.

சிப்பி போன்றவைதான் உங்கள் கையில் இருப்பதிலேயே உண்மையான புதைபடிவங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். எனவே அவற்றை விரிவாகப் பார்ப்போம். சிப்பி போலத் தோன்றும் இரண்டு வேறுபட்ட குலங்கள் உண்டு: இருவோட்டு மெல்லுடலிகள், பிராக்கியோபாடுகள். இரண்டுக்கும் இரண்டு ஓடுகள். ஆனால் சமச்சீர் வேறு. இருவோட்டு மெல்லுடலியின் இரண்டு ஓடுகளும் கூப்பிய கைகள் போல ஒன்றுக்கொன்று இடவலப் பிம்பங்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வோர் ஓடும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பிராக்கியோபாடில் ஒவ்வோர் ஓட்டையும் நடுவே கோடு போட்டுப் பிரித்தால் இடமும் வலமும் பொருந்தும். ஆனால் மேலோடும் கீழோடும் அளவிலும் வளைவிலும் வேறுபடும். பலவற்றில் பெரிய ஓட்டின் கூர்ந்த முனையருகே, அந்த உயிர் தரையைப் பற்றிக்கொண்ட காம்பு வெளியே வந்த சிறு துளையும் தெரியும். முத்துச்சிப்பி, ஆளி போன்றவை இந்த விதியை மீறுவதால், ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அதே அடுக்கிலிருந்து பலவற்றை எடுத்து ஒப்பிடுங்கள்.

இங்கே புதியவர்களை அதிகமாகக் குழப்புவது உள்வார்ப்பு. சிப்பி இறந்த பின் அதன் உள்ளே சேறு நிரம்பி இறுகுகிறது. பிறகு ஓடு கரைந்து போகிறது. மிஞ்சுவது உள்வெளியின் வடிவம் மட்டுமே. இரண்டு ஓடுகளும் மூடியபடி இருந்த ஒரு பெரிய சிப்பியின் உள்வார்ப்பு இதயம் போலவே இருக்கும். கல்லாகிய இதயம் என்று அதைக் கொண்டுவருவார்கள். ஓட்டின் வெளிப்புற வரிகள் அதில் இராது. தசைகள் பற்றியிருந்த தழும்புகள் இருக்கும். ஆகவே ஒரே சிப்பி வெளி அச்சாக, உள்வார்ப்பாக, ஓட்டோடு என்று மூன்று முற்றிலும் வேறான தோற்றங்களில் கிடைக்கலாம். உங்கள் கையில் இருப்பது இவற்றில் எது என்று தீர்மானிக்காமல் படத்தோடு ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது.

சுருள் வடிவம் கிடைத்தால் முதல் கேள்வி: அது ஒரே தளத்தில் சுருண்டிருக்கிறதா, கோபுரமாக ஏறுகிறதா? ஏறினால் பெரும்பாலும் நத்தை இனம். ஒரே தளத்தில் சுருண்டு, உள்ளே தடுப்புச் சுவர்களால் அறைகளாகப் பிரிந்திருந்தால் அம்மோனைட்டோ நாட்டிலஸ் உறவினமோ ஆகும் (இரண்டும் கணவாய் மீனின் உறவினங்களான, ஓடுடைய கடல் உயிரினங்கள்). தடுப்புச் சுவர் ஓட்டோடு சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அது மென்மையாக வளைந்தால் நாட்டிலஸ் பக்கம். இலை விளிம்பு போல் நுணுக்கமாக நெளிந்தால் அம்மோனைட். அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு டைனோசர்களோடு அழிந்தவை. இனங்கள் விரைவாக மாறிக்கொண்டே வந்ததால், அவற்றைக் கொண்டே பாறையின் காலத்தை நுட்பமாகச் சொல்கிறார்கள். அதே பாறைகளில் துப்பாக்கிக் குண்டு வடிவில் நீண்ட கல் கிடைத்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். மையத்திலிருந்து இழைகள் கதிர்களாக விரிந்தால் அது பெலம்னைட், கணவாய் மீனின் பழைய உறவினத்தின் உட்பகுதி.

இன்னொரு நுட்பத்தை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். கடல் அல்லி, கடல் முள்ளெலி, நட்சத்திர மீன் ஆகியவை அடங்கிய குலத்தில் ஓட்டின் ஒவ்வொரு தகடும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே படிகமாக அமைகிறது. அதனால் உடைந்த துண்டை வெளிச்சத்தில் சாய்த்தால் முகம் முழுவதும் ஒரு கண்ணாடித் தளம் போலப் பளிச்சிடும். சுண்ணாம்புக்கல்லில் இப்படி மின்னும் சிறு வட்டுகள், நடுவில் துளையோடு கிடந்தால் கடல் அல்லியின் தண்டுத் துண்டுகளாகவே இருக்கும். உருவம் முழுவதும் தேய்ந்துபோன பிறகும் இந்த அடையாளம் நிலைக்கிறது.

செடிகளில் ஒரு சிக்கல் தனியாக உண்டு. ஒரே மரத்தின் பட்டை, வேர், இலை, கூம்பு ஆகியவை தனித்தனியே கிடைப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நிலக்கரிக் காலத்து லெபிடோடெண்ட்ரான் மரத்தின் பட்டையில் சாய்சதுரத் தழும்புகள் வரிசையாக இருக்கும். அதைப் பாம்புத் தோல் என்று நினைப்பவர் ஏராளம். அதன் வேருக்குப் பெயர் ஸ்டிக்மேரியா.

துண்டுகளை வைத்துப் பெயரிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அனோமலோகாரிஸ் வகைப் பழங்காலக் கடல் உயிரினங்களின் வரலாறு சான்று. கனடாவில் கிடைத்த ஒரு கொடுக்கு 1892-இல் இறாலின் உடல் என்று விவரிக்கப்பட்டது. வட்டமான வாய்ப்பகுதி 1911-இல் ஜெல்லி மீன் என்று பெயர் பெற்றது. இவை ஒரே வகை வேட்டை விலங்கின் உறுப்புகள் என்று 1985-இல்தான் தெளிவாயிற்று. தேர்ந்த அறிஞர்களுக்கே அத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஆகவே சிற்றினப் பெயருக்கு அவசரப்படாதீர்கள். “அம்மோனைட், விலா வரிகள் கிளைப்பவை, நடுப்பகுதி இல்லை” என்று எழுதி நிறுத்தினால் அது நேர்மையான, பயனுள்ள விடை. சான்று எதுவரை கொண்டுபோகிறதோ அதுவரை மட்டும் பெயர் சொல்லுங்கள். படம் ஒத்துப்போகிறது என்பதற்காக ஒட்டிய சிற்றினப் பெயர், வெற்றுச் சீட்டைவிடக் கெடுதல் செய்யும். அடுத்தவர் அதை நம்பிவிடுவார்.

வாங்கிச் சேகரிப்பதாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. 1999-இல் பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட இனம் என்று பெரிதாக அறிவிக்கப்பட்ட ‘ஆர்க்கியோராப்டர்’, வெவ்வேறு விலங்குகளின் துண்டுகளை ஒட்டிச் செய்தது என்று எக்ஸ்-கதிர் ஆய்வில் தெரிந்தது. சந்தையில் வரும் டிரைலோபைட்டுகளில் பிசினில் வார்த்தவை உண்டு. கைலென்ஸில் காற்றுக் குமிழிகளின் நுண்குழிகள் தெரிந்தால் வாங்காதீர்கள். புற ஊதா விளக்கில் பசையும் பூச்சும் பாறையிலிருந்து வேறாக ஒளிரும். அம்பர் (கல்லாகிய மரப்பிசின்) என்று விற்பதை, உப்பு கரையும் அளவுக்குக் கரைத்த நீரில் போட்டால் அம்பர் மிதக்கும், கண்ணாடி மூழ்கும். இளம் பிசினான கோபாலும் மிதந்துவிடும். அதன் மேல் ஒரு துளி அசிட்டோன் வைத்தால் பிசுபிசுக்கும், அம்பர் அப்படி ஆகாது.

சேகரித்தவற்றைப் பாதுகாக்கும் விஷயத்தில் என் வற்புறுத்தல் ஒன்றே: குறிப்பு எழுதுங்கள். இடம், தேதி, எந்த அடுக்கு, அடுக்கில் இருந்ததா உதிரியா, பக்கத்தில் என்னென்ன கிடந்தன என்று அன்றைக்கே எழுதி, கல்லில் ஓர் எண் இட்டு, அதே எண்ணைக் குறிப்பேட்டிலும் பதியுங்கள். குறிப்பில்லாத அழகான அம்மோனைட்டைவிட, குறிப்புள்ள உடைந்த சிப்பி அறிவியலுக்கு மேலானது. வார்னிஷ் பூசாதீர்கள்; உள்ளே இருப்பதை மறைத்துவிடும், நீக்குவதும் கடினம். அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்யும் ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். சுண்ணாம்புக்கல்லா என்று அறிய, பாறையின் ஓரத்தில் ஒரு துளி வினிகர் வைத்து நுரைக்கிறதா என்று பார்த்தால் போதும். அதைப் புதைபடிவத்தின் மேல் வைக்காதீர்கள், அதன் ஓடும் பெரும்பாலும் அதே சுண்ணாம்புதான். தங்க நிறத்தில் மின்னும் பைரைட் படிவங்களை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். காற்றின் ஈரத்தில் அவை அமிலம் கக்கிப் பொடியாகிவிடும்.

நிபுணரிடம் கேட்கும்போது எல்லாப் பக்கங்களையும், உடைந்த முகத்தையும், அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். வெளிச்சம் தாழ்வாக ஒரு பக்கத்திலிருந்து விழட்டும்; மேடுபள்ளங்கள் எழுந்து நிற்கும். கிடைத்த இடத்தைப் பற்றிய குறிப்பையும் கூடவே அனுப்புங்கள்.

எடுப்பதற்கு முன் அந்த இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மத்திய அரசு நிலங்களில் முதுகெலும்பிகளின் எச்சங்களை அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பிரேசிலில் 1942 முதல் புதைபடிவங்கள் அரசின் சொத்து. நாட்டுக்கு நாடு இப்படி மாறும். நில உரிமையாளரின் சம்மதம் எங்கும் தேவை. ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும் எலும்புகளை எங்கேனும் கண்டால் தோண்டாதீர்கள். எலும்புகள் கிடந்த நிலையே ஒரு சான்று. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் புதைபடிவச் சேகரிப்பாளர் மேரி ஆனிங் எடுத்த எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் சில கற்கள் கிடந்தன. அவற்றுக்குள் மீன் எலும்புகளும் செதில்களும் இருப்பதை அவர் கவனித்தார். அவை கல்லாகிய சாணம் என்று நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் 1829-இல் விளக்கினார். அந்தக் கற்களை யாராவது முன்னதாகத் தனியே பொறுக்கிக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. படமெடுத்து, இடத்தைக் குறித்து, மண்ணால் லேசாக மூடிவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ அன்றே தகவல் சொல்லுங்கள்.